ஒட்டிய ஜன்னலும் ஓயாத சளியும்

வாசகர் கேள்விக்கு மருத்துவர் பதில்

குளிர் நாடு ஒன்றில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

வீட்டில் ஐந்து பேர்: அவர், கணவர், 7 வயது மகன், இந்த ஆண்டுதான் மழலையர் பள்ளியில் சேர்ந்த 3 வயது மகள், 68 வயது மாமியார். மாமியாருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். பள்ளி திறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மகளுக்கு நான்கு முறை சளி, மகனுக்கு மூன்று முறை. ஒருவருக்கு விட்டால் இன்னொருவருக்கு. கணவன் மனைவி இருவரும் மாறி மாறி லீவு போட்டு, இப்போது போட லீவே இல்லை. இரண்டு முறை டாக்டரிடம் கேட்டு வாங்கி ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். வைட்டமின் மிட்டாய், வைட்டமின் டி சொட்டு, எதிர்ப்புச் சக்தி டானிக் என்று மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

குளிர்காற்று உள்ளே வருவதால்தான் இத்தனையும் என்பது மாமியாரின் முடிவு. தன் அறை ஜன்னலின் இடுக்குகளை டேப் போட்டு ஒட்டி, கதவையும் சாத்தி, இரவு முழுக்க கேஸ் ஹீட்டரை எரியவிடுகிறார். காலையில் எழும்போது தலைவலி, கிறுகிறுப்பு. சமையலறைக்கு வந்து ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறதாம். சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் யாரிடமும் பேசாமல் போய்ப் படுத்துவிடுகிறார். கணவர் ஃப்ளூ ஊசியே வேண்டாம் என்கிறார். முன்பு ஒருமுறை போட்ட மறுநாள் காய்ச்சல் வந்ததாம்.

எந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்? மகளை வசந்த காலம் வரை பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா? ஜன்னல் சண்டையில் யார் பக்கம் நியாயம்? இவைதான் அவருடைய கேள்விகள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "எல்லோரும் தூங்க இரவு பதினொன்று ஆகிவிடுகிறது, காலை ஆறரைக்கெல்லாம் ஓட்டம் ஆரம்பம்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும். தயவுசெய்து இதை மட்டுமாவது இன்று இரவுக்குள் செய்துவிடுங்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது

உங்கள் மாமியாரின் காலைத் தலைவலி என்னைக் கவலைப்பட வைக்கிறது. எரிவாயு முழுதாக எரிவதற்குக் காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சல்கூட இருக்காது. இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அறிகுறிகள் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. பார்ப்பதற்கு ஃப்ளூ மாதிரியே இருக்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. அறையை விட்டு வெளியே வந்தால் குறையும், திரும்பப் போனால் வரும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இந்த வரிசையில்தான் இருக்கிறது. நேரில் பார்க்காமல் 'இதுதான்' என்று நான் சொல்ல முடியாது. ஆனால் 'இது இல்லை' என்று தெரியும்வரை அந்த ஹீட்டர் எரியக் கூடாது.

டேப்பைப் பிரித்து, ஹீட்டரை அணைத்து, அவரை இன்று வேறு அறையில் படுக்க வையுங்கள். ஹீட்டரையும் அதன் புகைபோக்கியையும் தகுதியுள்ள ஆளை அழைத்துச் சோதியுங்கள். எரிபொருளில் ஓடும் எந்தக் கருவி வீட்டில் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வேண்டும். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். மாமியாரைத் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போய், இரத்தத்தில் இந்த வாயுவின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நேரம் ஆக ஆக அளவு இறங்கிவிடும் என்பதால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விடாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம், சாதாரண ஆக்சிமீட்டர் இந்த வாயு இருக்கும்போதும் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும். தலைவலி கடுமையானாலோ, குழப்பமாகப் பேசினாலோ, மயக்கம் வந்தாலோ, எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்து அவசர உதவியை அழையுங்கள்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இரவில் சர்க்கரை இறங்கினாலும் காலையில் தலை கனக்கும். எழுந்தவுடன், எதுவும் சாப்பிடுவதற்கு முன், சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வைத்து அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம்.

இத்தனை சளி இயல்புதானா?

இயல்புதான். உங்களுக்கு இது ஆறுதலாக இருக்குமா எரிச்சலாக இருக்குமா தெரியவில்லை. சளி பிடிக்க வைக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். ஒன்று வந்து போனால் அடுத்ததற்கு அது பாதுகாப்பு தராது. சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி வருவது சாதாரணம், அதில் பெரும்பகுதி பள்ளி திறந்ததிலிருந்து குளிர் முடிவதற்குள் வந்துவிடும். ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள், இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்தப் பருவத்தில் உங்கள் மகளுக்கு மூக்கு ஒழுகாத நாட்கள்தான் குறைவாக இருக்கும். என் மகள் மழலையர் பள்ளிக்குப் போன முதல் வருடம் நானும், படித்ததையெல்லாம் மறந்துவிட்டு, இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதப் போனவன்தான். மனைவி பிடுங்கிக் கிழித்துப் போட்டார்.

ஆகவே 'என் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு' என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா, எடை ஏறாமல் நிற்பது, தோலிலோ உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, நரம்பு வழியாக மருந்து ஏற்றினால்தான் தீரும் என்கிற தொற்றுகள் என்றிருந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நான்காவது சளியின் நடுவிலும் மகள் சோபாவில் ஏறிக் குதிக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பள்ளியிலிருந்து நிறுத்துவதைப் பற்றி: நிறுத்தினால் இந்த ஆண்டு சளி குறையும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சிறு வயதிலேயே கூட்டத்தில் பழகிய குழந்தைகளுக்குப் பின்னாளில் பெரிய பள்ளிக்குப் போகும்போது சளி குறைவாக வருகிறது. கடன் மாதிரிதான், இப்போது கட்டாவிட்டால் பிறகு கட்ட வேண்டும். தவிர அண்ணன் தினமும் பள்ளியிலிருந்து வைரஸைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டுதான் இருப்பான். உங்கள் வேலை, மகளின் பேச்சு, விளையாட்டு எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் நிறுத்துவதில் லாபம் குறைவு. அவளுக்கு ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் என் பதில் மாறும். காய்ச்சல் இருக்கும் நாட்களில் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் மூக்கொழுகலுக்கு அனுப்பலாமா என்பதற்குப் பள்ளியில் விதி இருக்கும், கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். லீவு கேட்கும்போது அதுவே உங்களுக்கு உதவும்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. 'சளி பச்சையாகிவிட்டது, அதனால் கேட்டேன்' என்கிறீர்கள். நம் வெள்ளை அணுக்கள் வேலை செய்யும்போது அவற்றில் இருக்கும் ஒரு நொதியின் நிறம் அது. வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாளில் பச்சை வரும். அடுத்த முறை 'ஆன்டிபயாடிக் கொடுங்கள்' என்று கேட்காமல், 'இது பாக்டீரியா என்று எதனால் நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கடையில் கிடைக்கும் இருமல் சிரப்பும் இந்த வயதுக் குழந்தைகளுக்கு வேண்டாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் போதும். ஒரு வயதுக்குக் கீழே தேன் ஆபத்து. குழந்தைகளுக்குக் காய்ச்சலென்று ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்.

மூச்சு வேகமாக வாங்கி விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தாலும், உதடு நீலம் பூத்தாலும், குடிக்க மறுத்துச் சிறுநீர் குறைந்தாலும் உடனே மருத்துவமனை. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், காதுவலி, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது, இவற்றுக்கு அன்றே டாக்டர்.

ஜன்னல் வழக்கு

1776 செப்டம்பரில், அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்நாட்டுத் தலைவர்களான பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஜான் ஆடம்ஸும் பயண வழியில் ஒரு விடுதியில் தங்கினார்கள். சின்ன அறை, ஒரே கட்டில், ஒரே ஜன்னல். உடம்பு சரியில்லாத ஆடம்ஸ் இரவுக் காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினார். எழுபது வயது ஃபிராங்க்ளின் விடவில்லை: திறங்கள், மூச்சு முட்டிவிடும், வந்து படுங்கள், சளி எப்படிப் பிடிக்கிறது என்று சொல்கிறேன் என்றார். அவர் விளக்கிக்கொண்டே போக, ஆடம்ஸ் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். அடைத்த அறைகளில் அடுத்தவர் விடும் மூச்சிலிருந்துதான் சளி தொற்றுகிறது என்று அதற்கு மூன்று வருடம் முன்பே ஃபிராங்க்ளின் கடிதம் எழுதியிருந்தார். வைரஸ் என்ற சொல்லே இன்றைய பொருளில் இல்லாத காலம் அது. மனிதர் கிட்டத்தட்ட சரியாகவே பிடித்துவிட்டார்.

ஆக, உங்கள் மாமியாரின் எதிரி வெளிக்காற்று இல்லை, உள்ளே சுற்றிச் சுற்றி வரும் பழைய காற்றுதான். ஐந்து பேர் மூச்சு விடும் வீட்டில், இருமல் துளிகள் மிதக்கும் காற்று வெளியே போக வழி வேண்டும். ஆனால் அவரை முழுக்கத் தோற்கடித்துவிடாதீர்கள், அவர் சொல்வதிலும் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. சளி வைரஸ்களில் முக்கியமான ரைனோ வைரஸ், உடலின் 37 டிகிரியைவிட, குளிர்ந்த மூக்குக்குள் இருக்கும் 33 டிகிரியில்தான் நன்றாகப் பெருகும். குளிர் வைரஸை உண்டாக்காது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் வைரஸுக்கு வசதி செய்து கொடுக்கலாம். அதனால் 'காதை மூடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே' என்ற அதட்டலை நான் மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன்.

இரண்டு பேருக்கும் ஒத்துவரும் வழி ஒன்று உண்டு. காலையிலும் மாலையிலும், யாரும் இல்லாத அறையின் ஜன்னலை அகலத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விட்டுச் சாத்துங்கள். முடிந்தால் எதிர்ப்பக்க ஜன்னலையும் சேர்த்துத் திறந்தால் சீக்கிரம் வேலை முடியும். அந்தக் கொஞ்ச நேரத்தில் காற்று மாறிவிடும், சுவரும் சாமான்களும் வெதுவெதுப்பை விடாது. நாள் முழுக்க ஒரு விரல் இடைவெளி திறந்து வைப்பதைவிட இது மேல். ஜன்னல் கண்ணாடியில் தினமும் நீர் கோத்தால் வீட்டில் ஈரம் அதிகம், மூலைகளில் பூஞ்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். இந்தத் திறந்து மூடும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துப் பாருங்களேன். அவருக்கு அந்த அதிகாரம் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாத்திரை அலமாரி

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தினமும் வைட்டமின் சி சாப்பிட்டாலும் சாதாரண மனிதர்களுக்குச் சளி வரும் எண்ணிக்கை குறையாது. வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் போகலாம், அவ்வளவுதான். 'எதிர்ப்புச் சக்தி' டானிக்கை நிறுத்திவிடலாம். வைட்டமின் டி மட்டும் வேறு கதை. வெயில் சாய்ந்துவிடும் நாடுகளில் இலையுதிர் காலம் முதல் தோலால் அதைப் போதுமான அளவு தயாரிக்க முடியாது, நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு இன்னும் கடினம். ஒரு வயது தாண்டியவர்களுக்குப் பொதுவாக நாளைக்கு 400 முதல் 600 யூனிட் போதும். ஆனால் உங்கள் வீட்டு மிட்டாய், சொட்டு, டானிக் மூன்றிலும் அது இருக்க வாய்ப்பிருக்கிறது. லேபிள்களைப் பார்த்துக் கூட்டிப் போடுங்கள். ஏ, டி இரண்டும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், அளவு மீறினால் கெடுதல். சொட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிட்டாய் போல ருசிப்பதைக் குழந்தை எட்டும் இடத்தில் வைக்கவே வேண்டாம்.

ஃப்ளூ ஊசியும் உங்கள் கணவரும்

அந்த ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ் அல்லது அதன் துண்டுகள். அது ஃப்ளூவைக் கொடுக்க முடியாது. மறுநாள் லேசான காய்ச்சல், கைவலி வரும்; உடம்பு பாடம் படிக்கிறது, ஓரிரு நாளில் போய்விடும். போட்டும் சளி பிடித்ததே என்பார். ஃப்ளூ வேறு, சளி வேறு; சளிக்கு ஊசி கிடையாது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் ஆண்டுதோறும் புதிதாகத் தயாராகிறது, பழையது போதாது. பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் இன்னும் தள்ளிப்போட வேண்டாம். இதை அவருக்காக என்று சொன்னால் மறுப்பார். 68 வயதில் சர்க்கரையோடு இருக்கும் அம்மாவுக்கு ஃப்ளூ வந்தால் அது நிமோனியாவில் முடியலாம்; வீட்டில் இருப்பவர்கள் போட்டுக்கொண்டால் அவருக்கு அது இன்னொரு வேலி. அந்தப் பக்கத்திலிருந்து பேசிப் பாருங்கள். மாமியாருக்கு நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். குழந்தைக்கு ஃப்ளூ ஊசி முதல் முறை என்றால் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவைப்படலாம்.

போகிறபோக்கில் எழுதிய அந்த வரி

இரவு பதினொன்று. உங்கள் கடிதத்தில் மருந்தைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, தூக்கத்தைப் பற்றி ஒரே வரி. நான் தலைகீழாக எழுதியிருப்பேன். உங்கள் மகன் தூங்குவது ஏழரை மணி நேரம். அந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். மூன்று வயது மகளுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13. பெரியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, சளி வைரஸை மூக்கில் சொட்டாக விட்டார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு. அலமாரியில் இருக்கும் எந்தப் பாட்டிலும் இந்த வேலையைச் செய்யாது.

நாளைக்கே எட்டரைக்குப் படு என்றால் நடக்காது. மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் இழுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியும் ஃபோனும் அடங்கட்டும், உங்களுடையதும்தான். இந்தப் பருவத்தில் சீக்கிரம் இருட்டுவது உங்களுக்குச் சாதகம், வீட்டு விளக்குகளையும் கொஞ்சம் மங்கலாக்குங்கள். விடுமுறை நாளில் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அங்கே ஏமாற்றுவார்கள்.

காலை வெளிச்சம் இதற்குப் பாதி மருந்து, அதில் உங்கள் மாமியாரும் வருகிறார். மேகம் மூடிய பகலில்கூட வெளியில் இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைப் போலப் பல மடங்கு. பகல் குறுகும்போது மனமும் சுருங்கிப்போகிறவர்கள் உண்டு. பருவ மனச்சோர்வு என்று அதற்குப் பெயர், சோம்பல் இல்லை, பிடிவாதமும் இல்லை. காலையில் பேரனைப் பள்ளியில் விட அவரும் கூட நடக்கட்டும், அரை மணி நேரம் போதும், சர்க்கரைக்கும் நல்லது. 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குகள் இதற்கென்றே இருக்கின்றன; சர்க்கரை நோயாளி என்பதால் கண் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். முதலில் அந்த அறைக் காற்றும் சர்க்கரையும் சரியாகட்டும். அதற்கப்புறமும் இரண்டு வாரத்துக்கு மேல் அதே மௌனம் தொடர்ந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 'வாழ்ந்தது போதும்' என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கை கழுவுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும், சாப்பிடும் முன்னும், மூக்கு சிந்திய பிறகும் சோப்புப் போட்டு 20 நொடி. பெரும்பாலான வீடுகளில் நான் பார்த்தது ஐந்து நொடி.

உதிர்ந்த இலைக் குவியலில் மகன் குதிக்கிறான், பாட்டி திட்டுகிறார், விடலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஈர இலைகளில் பூஞ்சை இருக்கும்; ஆஸ்துமா உள்ள பிள்ளையை நான் விட மாட்டேன். உங்கள் மகனுக்கு அது இல்லை என்பதால் தாராளமாகக் குதிக்கட்டும், எப்படியும் அந்த வயதுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும். வந்ததும் உடையை மாற்றுங்கள். உண்ணி இருக்கும் பகுதியென்றால் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.